விபிஎன் வழியே கம்ப்யூட்டர் பெயர்கள்: ஏழு வருட அனுபவம்

வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியான விபிஎன் இணைந்துவிட்டது. சர்வரின் ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி, 10.20.0.14. ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் கட்டளையை அதற்கு அடித்தால் பதில் வருகிறது. ஆனால் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு, சர்வரின் பெயரான ‘கணக்கு’ என்று அடித்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், அப்படி ஒரு கம்ப்யூட்டரே இல்லை என்று சொல்லிவிடுகிறது. வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் நுழைந்து வேலை பார்க்கத் தொடங்கிய முதல் வாரமே எனக்கு நடந்தது இது. அந்தச் சின்ன அலுவலகத்தின் விபிஎன்னை ஏழு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பன்னிரண்டு லேப்டாப், நான்கு சர்வர். டன்னல், அதாவது விபிஎன் இணைப்பு, அறுந்து வேலை நின்ற நாட்கள் குறைவு. டன்னல் நன்றாக இருந்தும் பெயர் கிடைக்காமல் நின்ற நாட்கள்தான் அதிகம்.

அலுவலகத்துக்குள் இருக்கும்போது அதே பெயர் ஒழுங்காக வேலை செய்தது. அதனால் எங்கோ ஒரு செட்டிங் இருக்கிறது என்று நினைத்துத் தேடினேன். அப்படி எதுவும் இல்லை. ‘கணக்கு யாருப்பா?’ என்று ஒரு கம்ப்யூட்டர் சத்தம் போட, உரியது ‘நான்தான்’ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பெயர் தேடும் பழைய முறையான நெட்பயாஸ் இதை பிராட்காஸ்ட்டாக, அதாவது பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, செய்கிறது. பின்னால் வந்த எல்எல்எம்என்ஆர் 224.0.0.252 என்ற முகவரிக்கும், எம்டிஎன்எஸ் 224.0.0.251 என்ற முகவரிக்கும் மல்டிகாஸ்ட், அதாவது அதைக் கேட்கிற குழுவுக்கு மட்டும், அனுப்புகின்றன. மூன்றுமே பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரல்கள். ரூட்டரைத் தாண்டாது, வழக்கமான விபிஎன் டன்னலுக்குள்ளும் போகாது.

சத்தத்தையே டன்னலுக்குள் அனுப்பினால் என்ன என்று ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளை, பிராட்காஸ்ட்டையும் கடத்துகிற டேப் முறைக்கு மாற்றிப் பார்த்தேன். பெயர்கள் கிடைத்தன. கூடவே அலுவலகத்தின் எல்லா பிராட்காஸ்ட்டும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகத் தொடங்கியது. மொபைல் ஆப்களில் டேப் வேலையே செய்யாது. மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்து செய்ததைத்தான் இன்றைக்கும் வருத்தத்தோடு நினைக்கிறேன். எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று கையால் எழுதிவைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல் ஒவ்வொரு லேப்டாப்பிலும் உண்டு. அவை எல்லாவற்றிலும் நான்கு சர்வர்களின் பெயரையும் ஐபியையும் எழுதி வைத்தேன். உடனே வேலை செய்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒன்றரை வருடம் கழித்து கணக்கு சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றினோம், ஐபியும் மாறியது. பதினொரு லேப்டாப்பில் திருத்தினேன். விடுப்பில் இருந்த ஒருவருடையது விட்டுப்போனது. பழைய ஐபியை, தானாக ஐபி ஒதுக்கும் டிஹெச்சிபி ஒரு பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டது. அவருடைய லேப்டாப்பில் இரவு பேக்கப் ஸ்க்ரிப்ட் மூன்று வாரம் அந்தப் பிரிண்டரைத் தட்டித் தட்டித் தோற்றிருக்கிறது. லேப்டாப்பின் டிஸ்க் போன பிறகுதான் தெரிந்தது. மூன்று வார வேலையை அவர் மறுபடி உட்கார்ந்து செய்தார்.

அன்று பக்கத்தில் இருந்த இன்னொரு மெஷினில் என்எஸ்லுக்அப் அடித்தேன், ஸ்க்ரிப்ட்டின் லாகையும் பார்த்தேன். ஒரே பெயருக்கு இரண்டு ஐபி. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது: பெயர்ப் பிரச்சினை என்று யார் சொன்னாலும் பிங், என்எஸ்லுக்அப் இரண்டையும் அடுத்தடுத்து அடித்துப் பார்ப்பேன். என்எஸ்லுக்அப் கட்டளை, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் நேரே கேட்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது. பிங் பார்க்கும். இரண்டும் வேறு வேறு ஐபி சொன்னால் முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறக்க வேண்டும், அடுத்து, முன்பு கிடைத்த பதில்களைச் சேர்த்து வைத்திருக்கும் கேஷைக் காலி செய்ய வேண்டும்.

பெயர் எதற்கு, ஐபியையே அடித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐபி போட்டு ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தைத் திறந்தால் சான்றிதழ் பொருந்தாமல் எச்சரிக்கை வரும். விண்டோஸ் டொமைனில் ஐபி வழியாகப் போனால் பொதுவாக கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை நடக்காது, பலவீனமான பழைய முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். எச்சரிக்கையைப் பார்த்தாலே ‘பரவாயில்லை’யை அழுத்தும் பழக்கத்தை நாமே ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது.

இப்போது எங்கள் விபிஎன் வயர்கார்டு. உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் மெஷினில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வர் ஓடுகிறது. ஒவ்வொருவரின் கான்ஃபிக் ஃபைலிலும் டிஎன்எஸ் என்ற வரியில் அதன் ஐபி, கமா போட்டு எங்கள் டொமைன். அந்த டொமைன்தான் முக்கியம். ‘கணக்கு’ என்று மட்டும் அடித்தால் பின்னால் ஒட்டிக்கொண்டு முழுப் பெயராகிறது. ஒட்ட ஒன்றும் இல்லாவிட்டால் பல சிஸ்டம்கள் ஒற்றைச் சொல்லை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பதே இல்லை. டிஎன்எஸ் சர்வரின் ஐபியும் டன்னல் வழியாகப் போகும் முகவரிப் பட்டியலில் இருக்க வேண்டும். இதை மறந்து ஒரு முழு மாலையை இழந்தேன்.

டொமைனுக்கு முதலில் டாட் லோக்கல் என்று முடியும் பெயர் வைத்திருந்தேன். விண்டோஸில் ஓடியது, மேக்கில் தடுமாறியது. 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம் அந்த முடிவை எம்டிஎன்எஸ்ஸுக்கென்றே ஒதுக்கிவிட்டது. அதனால் மேக் டிஎன்எஸ் சர்வரிடம் போகாமல் பக்கத்தில் சத்தம் போட்டுத் தேடியது. இப்போது எங்களுக்குச் சொந்தமான டொமைனின் கீழ் ஒரு துணைப்பெயர். எல்எல்எம்என்ஆரையும் நிறுத்திவிட்டேன். அதில் யார் வேண்டுமானாலும் ‘நான்தான்’ என்று பொய் சொல்லலாம், பொது வைஃபையில் அது ஆபத்து.

இன்னும் தீராதவை இரண்டு. பிரவுசர் தானாகவே டிஎன்எஸ்ஸை ஹெச்டிடிபிஎஸ் வழியே வெளியே கேட்டால் உள் பக்கங்கள் திறக்காது. பிங் போகும், பக்கம் வராது. புது லேப்டாப் வரும்போதெல்லாம் அந்த செட்டிங்கைக் கையால் அணைக்கிறேன். இன்னொன்று முகவரி மோதல். ஒரு பழைய ஸ்டோரேஜ் பெட்டி இன்னும் 192.168.1 வரிசையிலேயே இருக்கிறது. பல வீட்டு ரூட்டர்களும் அதே வரிசைதான். பெயர் சரியான ஐபியைத் தந்தாலும் பாக்கெட் வீட்டுக்குள்ளேயே சுற்றும். டிஎன்எஸ்ஸால் ஆகக்கூடியது அங்கே ஒன்றுமில்லை, பெட்டியைத்தான் 10.20-க்கு மாற்ற வேண்டும்.

போன மாதம் கணக்கு சர்வரை மறுபடி மாற்றினோம். இந்த முறை ஒரு மெஷினில் ஒரு வரியைத் திருத்தி, டிஎன்எஸ்மாஸ்க்கை ரீஸ்டார்ட் செய்தேன். காலையில் யாரிடமிருந்தும் ஃபோன் வரவில்லை.