கிரிவானா, கெர்லாக்கா?

ஸ்லோவாக்கியா டாட்ரா மலைக்குப் போறவங்க உயரம்தான் முக்கியம்னா கெர்லாக் சிகரத்துக்குப் போங்க, 2655 மீட்டர், கார்பாத்தியன் மலைத்தொடர்லயே அதுதான் டாப், ஆனா மார்க் பண்ண பாதை கிடையாது, சாதாரண ஆளுங்க லைசென்ஸ் வாங்குன கைடோடதான் ஏறணும், செலவு பழுத்துடும். நடுவுல கொஞ்ச வருஷம் ஸ்டாலின் பேரையும் அதுக்கு வச்சிருந்தாங்க (கொடுமை).

அதே டாட்ராவுல இருக்கிற இன்னொரு சிகரம் கிரிவான், அதைவிட கிட்டத்தட்ட 160 மீட்டர் கம்மி. ஆனா அந்த ஊர்க்காரங்க மனசுல இருக்கிறது இதுதான். 1841 ஆகஸ்ட்ல ஸ்லோவாக் தேசிய இயக்கத் தலைவர் லுடோவிட் ஷ்டூர் கூட்டாளிங்களோட ஏறினாரு, அதுலேர்ந்து தேசிய அடையாளமாவே ஆயிடுச்சு, இன்னிக்கும் கோடையில கூட்டமா ஏறுறாங்க. ஒரு பக்கமா சாஞ்ச உச்சி, அவங்க 1, 2, 5 சென்ட் காசுல அதே மலைதான். மார்க் பண்ண பாதை, கைடு தேவையில்ல, மூச்சு மட்டும் நல்லா வாங்கும். என் ஓட்டு கிரிவானுக்குத்தான்.