விலா இறுக்கத்தோடு தைப்பூசத்துக்கு மொரீஷியஸ் போகிறவர்களுக்கு

இங்கிலாந்திலிருந்து தைப்பூசத்துக்கு ஊருக்குப் போகும் குடும்பத்தில் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைத் தாக்கித் தழும்பு விடும் நோய்) உள்ளவர் ஒருவர் இருந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த வெயில் தாங்குமா?" ஏற்பாடு சரியாக இருந்தால் தாங்கும். இந்தக் காவடிக் காலத்தில் மொரீஷியஸில் விமான நிலையம், மெட்ரோ, மருந்துக்கடை, மருத்துவமனை, கோயில் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வந்தோம். எம்.எஸ். உள்ளவர்களோடு நாள்தோறும் வேலை செய்பவர்கள் என்பதால், விலா இறுக்கத்தையும் தசைப்பிடிப்பையும் முன்வைத்தே இதை எழுதுகிறோம். மற்ற அறிகுறிகளைவிட ஊர்ப் பயணத்தைக் கெடுப்பது இந்த இரண்டும்தான்.

விலா இறுக்கம் என்று இங்கே சொல்வது, மார்பையோ மேல்வயிற்றையோ சுற்றிப் பட்டை கட்டி இறுக்குவது போன்ற உணர்வை. மருத்துவர்கள் எம்.எஸ். ஹக் என்பார்கள். இது வரும் வழிகள் இரண்டு. தண்டுவடத்தில் உள்ள தழும்பால் நரம்பு தவறான செய்தி அனுப்புவது ஒன்று. தசை இறுகாமலே இறுகியதாக, எரிவதாக, குத்துவதாகத் தோன்றும். விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் நிஜமாகவே பிடித்துக்கொள்வது மற்றொன்று. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். மருந்து வேறுபடுவதால் இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். நரம்பு வகைக்கு காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் போன்றவை. தசை வகைக்கு பாக்லோஃபென், டிஸானிடின். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் நரம்பியல் செவிலியரிடம் எந்த வகை என்று கேட்டுக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வெப்ப நாடுகளில் எம்.எஸ். குறைவு. ஊரில் நீங்கள் பார்க்கும் மருத்துவர் நோயைப் பற்றிப் படித்திருப்பார். ஆனால் இந்த இறுக்கத்தை நேரில் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு.

அந்தக் கடிதம் ஒரே பக்கமாக இருக்கட்டும். நோய் கண்டறிந்த ஆண்டு, தண்டுவடத்தில் எந்த மட்டத்தில் தழும்பு, வழக்கமாக இறுக்கம் எந்த உயரத்தில் வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும், நோய்க்கட்டுப்பாட்டு மருந்து எது, கடைசியாக ஸ்டீராய்டு எப்போது போட்டார்கள், இவ்வளவு போதும். முலைக்காம்பு மட்டத்தில் வரும் பட்டை மார்புப் பகுதித் தண்டுவடத்தின் நான்காம் மட்டத்தையும், தொப்புள் மட்டத்தில் வருவது பத்தாம் மட்டத்தையும் காட்டும். அந்த ஒரு வரி இருந்தாலே எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு வழி கிடைக்கும். நோயின் பிரெஞ்சுப் பெயரான 'ஸ்க்லெரோஸ் ஆன் ப்ளாக்' என்பதையும் மேலே எழுதச் சொல்லுங்கள். பிரான்ஸில் படித்த மருத்துவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

அடுத்தது மருந்து. இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. மொரீஷியஸ் சுங்கத்தில் மருந்துக் கட்டுப்பாடு கடுமை. வலிமையான வலி மாத்திரை, டயஸெபாம், க்ளோனஸெபாம், பிரிகாபலின், காபாபென்டின் போன்ற எதைக் கொண்டுபோனாலும் புறப்படும் முன்பே அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்துக்கு எழுதி, அனுமதி வேண்டுமா என்று கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். 2019 ஏப்ரல் முதல் பிரிட்டனிலும் காபாபென்டினும் பிரிகாபலினும் கட்டுப்பாட்டு மருந்துகள். மூன்று மாதத்துக்கு மேல் கொண்டுபோக உள்துறை அமைச்சகத்தின் உரிமமும் தேவை. மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கலக்காமல், பெயர்ச்சீட்டு ஒட்டிய மூலப் பெட்டியிலேயே வைத்திருங்கள். கஞ்சாவிலிருந்து செய்யும் சடிவெக்ஸ் தெளிப்பானைப் பயன்படுத்துகிறவர்கள், எழுத்து மூலம் அனுமதி வராவிட்டால் அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். அதற்குப் பதில் எதை எடுப்பது என்பதைப் பயணத்துக்கு முன்பே மாற்றிப் பழகிக்கொள்ள வேண்டும்.

எல்லா மருந்தும் கைப்பையில். பெட்டி வராமல் போனால் பாக்லோஃபென் திடீரென்று நின்றுவிடும், அது ஆபத்து. பிடிப்பு பல மடங்காகத் திரும்பும், காய்ச்சல் ஏறும், மனம் குழம்பும், வலிப்பு வரை போகலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம் என்பதால், தங்கும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரையும் சேர்த்து எடுங்கள். புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறினால் பேருந்து, கடை எல்லாம் நின்றுவிடும், மின்சாரமும் போகலாம்.

லண்டனிலிருந்து நேர் விமானம் சுமார் 12 மணி நேரம். தைப்பூச நேரத்தில் மொரீஷியஸ் பிரிட்டனைவிட 4 மணி நேரம் முன்னால் இருக்கும். காபாபென்டினை நாளுக்கு மூன்று வேளை எடுப்பவர்கள், இரண்டு வேளைக்கு இடையே 12 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்தால் போதும். விமானத்தில் பழைய நேரப்படி எடுத்து, இறங்கியபின் வேளைக்கு ஒரு மணி நேரம் என்று நகர்த்தலாம். பட்டை இறுக்கம் உள்ளவர்களுக்கு நடைபாதை ஓர இருக்கை. மணிக்கு ஒரு தடவை எழுந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி எதிர்ப்பக்கம் சாய்ந்து, 20 முதல் 30 விநாடி அப்படியே நில்லுங்கள். மெதுவாகச் சாய வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்துச் சுருங்கிப் பிடிப்பைக் கிளப்பிவிடும்.

பிளெஸான்ஸ் விமான நிலையத்தில் சக்கர நாற்காலிச் சேவை நன்றாக இருந்தது. விமான நிறுவனத்திடம் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். படி ஏற முடியுமா, முடியாதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெட்ரோ விமான நிலையம் வரை வராது. குளிர்சாதனம் வேலை செய்கிற டாக்ஸி வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். காரில் சீட் பெல்ட்டின் தோள் பட்டை சரியாக இறுக்கம் வரும் இடத்தில் அழுத்தும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே மெல்லிய துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். கைக்கு அடியில் பட்டையை விட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மோதல் நடந்தால் விலா உடையும்.

தங்குமிடம் விஷயத்தில் எங்களுக்குத் தயக்கமே இல்லை: கடற்கரை வேண்டாம், மேட்டுநிலம் போங்கள். கியூர்பீப் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரம். போர்ட் லூயிஸ் வேகிற நாளிலும் அங்கே மூன்று நான்கு டிகிரி குறைவு, மழையும் அதிகம். வக்குவா, ஃப்ளோரியால் பக்கமும் பரவாயில்லை. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி ஏறினாலே தழும்பு விழுந்த நரம்பில் செய்தி தடைபடும். 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்டோஃப் எழுதி வைத்த விளைவு இது. சூடு இறங்கினால் அறிகுறியும் இறங்கும். நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. இதை உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள், பதறாமல் இருப்பார்கள்.

குளிர்விக்கும் மேலங்கி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் நனைத்துப் போடும் வகை, ஈரம் ஆவியாவதால்தான் குளிரும். பிப்ரவரியில் மொரீஷியஸ் கடற்கரையில் காற்றே ஈரமாக இருக்கும். நனைத்த துணி உலராது, வெதுவெதுப்பாக உடம்பில் ஒட்டிக்கொண்டு இறுக்கத்தைக் கூட்டும். சுமார் 15 டிகிரியில் உறையும் பொதிகள் வைத்த மேலங்கிதான் அங்கே உதவும். அந்தப் பொதிகளை உறைபெட்டி இல்லாவிட்டாலும் ஐஸ் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் மறுபடி கெட்டியாகும். இரண்டு மணி நேரம் வரை தாங்கும். பக்கவாட்டுப் பட்டிகளை இறுக்காமல், உள்ளங்கை நுழையும் அளவு தளர்த்திப் போடுங்கள். சிலருக்கு மட்டும் இதற்கு நேர்மாறு: அகலமான மீள்துணியை மார்பைச் சுற்றி மிதமாகக் கட்டினால், நரம்பின் பொய் இறுக்கம் நிஜ அழுத்தத்தில் மறைந்துவிடும். உங்களுக்கு எது ஒத்துவரும் என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். வெந்நீர்ப் பை சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் தோல் உணர்ச்சி குறைந்த இடத்தில் கொப்பளம் போட்ட பிறகுதான் சூடே தெரியும் என்பதால், தடித்த துண்டு சுற்றி, பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அமிட்ரிப்டிலினும், சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூடினினும் வியர்வையைக் குறைக்கும். லண்டன் குளிரில் இது தெரியவே தெரியாது. போர்ட் லூயிஸில் நண்பகலில் தெரியும்.

நகருக்குள் போய்வர மெட்ரோ எக்ஸ்பிரஸ் மிக நல்ல சேவை. 2020 ஜனவரியில் ரோஸ் ஹில் வரை ஓடத் தொடங்கியது, 2022இல் கியூர்பீப் வரை நீண்டது. குளிர்சாதனம் உண்டு, நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம், சக்கர நாற்காலியை அப்படியே உருட்டலாம். பழைய பேருந்துகளின் படி உயரம். காலைத் தூக்கும்போதே தொடையில் பிடிப்பு வந்துவிடும்.

மருந்துக்கடைகள் ஏராளம், ஊழியர்களும் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஆனால் "நெஞ்சைச் சுற்றி இறுக்குது" என்றதுமே வாயு மருந்தை நீட்டுவது சாதாரணம். அதில் அலுமினியம், மெக்னீசியம் இருந்தால் காபாபென்டினை உடம்பு எடுத்துக்கொள்வது குறையும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், பிடிப்பும் அதோடு கூடும். அதற்கு மருத்துவர் சிப்ரோஃப்ளாக்ஸசின் எழுதலாம். டிஸானிடின் எடுப்பவர் அதைச் சேர்த்து எடுக்கவே கூடாது. டிஸானிடினின் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறி, இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் போட்டுவிடும். கடிதத்தில் இந்த வரியைச் சிவப்பு மையில் எழுதி வைப்பது நல்லது.

இனி கோயில். கத்ரு போர்ன் பக்கம் கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குப் படி ஏற வேண்டும். பால்குடம் எடுக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து வெயிலில் மணிக்கணக்கில் நடந்தால், விலாத் தசைகள் ஓய்வே இல்லாமல் நீண்டு நிற்கும். பிடிப்பு வருவதற்கு அதைவிட வேறு வேண்டாம். குடத்தைத் தம்பியோ அத்தானோ எடுத்துவர, நீங்கள் கடைசி நூறு அடி மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வேண்டுதல் குறைந்துபோகாது. வெறுங்காலோடு தார் ரோட்டில் நடப்பது பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஆகாது; தீப்புண் மாலையில்தான் கண்ணில் படும். விரதம் இருப்பவர்கள் சைவ உணவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பட்டினி வேண்டாம். பாக்லோஃபென் வெறும் வயிற்றில் குமட்டும். தண்ணீர் குறைந்தால் மலம் கட்டும். கட்டிய மலமும் நிரம்பிய சிறுநீர்ப்பையும் பிடிப்பைத் தூண்டும். பூசை முடிந்து வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு போடும்போது, பாதி சோறு வாங்கி இரண்டு தடவையாகச் சாப்பிடுங்கள். வயிறு நிரம்பினால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு, இறுக்கம் இருக்கும் இடத்தில் மூச்சு முட்டும்.

இறுக்கம் வந்தே விட்டால்: நிழலுக்குப் போய், முதுகு சாய்த்து உட்கார்ந்து, முன்கைகளைத் தலையணை மேல் வைத்துத் தோளைத் தளர்த்துங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுங்கள். ஆழமாக இழுக்க முயலாதீர்கள். விலா விரிவதுதான் வலியைக் கூட்டுகிறது. குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம், பிடரியில் ஈரத்துணி போடலாம். பெரியம்மா எண்ணெய் தடவி அமுக்கிவிட வந்தால், மெதுவாகத் தடவ மட்டும் சொல்லுங்கள். விலா இடுக்கில் விரலால் குத்தி அமுக்குவது பிடிப்பை நீட்டிக்கும்.

எம்.எஸ். தெரிந்த குடும்பங்களே அதிகம் செய்யும் தவறு, நெஞ்சில் எது வந்தாலும் "வழக்கமானதுதான்" என்று விட்டுவிடுவது. இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் இதயம் சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி மூச்சு வாங்கினால், நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்பளம் வந்தால் அக்கி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். கொப்பளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். முதன்முதலாக இறுக்கம் வருகிறவர்களும், எப்போதும் வருவதைப் போல இல்லை என்று உணர்கிறவர்களும் சாமு அவசர எண்ணான 114ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள், "எனக்கு எம்.எஸ்., அதனால்தான்" என்று சொல்லித் தடுக்காதீர்கள். போர்ட் லூயிஸில் ஜீட்டு மருத்துவமனை, காண்டோஸில் விக்டோரியா மருத்துவமனை ஆகியவை அரசு மருத்துவமனைகள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டோடு போகிறவர்கள் பயணக் காப்பீட்டில் எம்.எஸ்.ஸைத் தெரிவித்திருக்க வேண்டும். மறைத்திருந்தால் பணம் கிடைக்காது.

காய்ச்சல், தொற்று எதுவும் இல்லாமல் புதிய இறுக்கமோ மரத்துப்போதலோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், நோய் மீண்டும் கிளம்பியிருக்கலாம். ஸ்டீராய்டு கொடுக்கும் முன்பு சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்று பெருகும். தொற்று சரியானால் பல நேரம் இறுக்கமும் தானாகவே போய்விடும். மழைக்காலத்தில் கொசு வழியாக டெங்கும் சிக்குன்குனியாவும் வருவதால், காய்ச்சல் இருந்தால் அதற்கும் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை பாரசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபென் வேண்டாம். எடுத்த பரிசோதனை முடிவுகளை எல்லாம் நகலெடுத்து வாங்கி வாருங்கள். திரும்பியதும் உங்கள் நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.