கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்: ஒரு யூனிட்கூட இல்லாத பேட்டரியோடு இரண்டு வருடம்

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முதலில் எங்கள் ஓட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி நல்லதா இல்லையா என்பதில் பாதிக்குமேல் நீங்கள் ஓட்டும் ரோட்டைப் பொறுத்தது. நாங்கள் இருப்பது கோயம்புத்தூர். வார நாட்களில் காளப்பட்டியிலிருந்து பிள்ளைகளின் பள்ளி, அங்கிருந்து பீளமேட்டில் என் ஆபீஸ். அவ்வப்போது பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம். லீவு விட்டால் வால்பாறை, எப்போதாவது சென்னை. வண்டியில் வழக்கமாக நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், அப்புறம் அத்தை.

"இதை எத்தனை மணி நேரம் சார்ஜ் போடணும்?" என்று இன்னும் கேட்கிறார்கள். சார்ஜ் போட இதில் துவாரமே கிடையாது. பின்னால் டிக்கிக்கு அடியில் இருக்கும் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி. ஈபி கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்கூட இல்லை. முழுக்க மின்சாரத்தில் ஓடும் நெக்ஸான் இவியின் பெரிய பேட்டரி 45 யூனிட். 100 யூனிட் மின்சாரத்தில் நம் பேட்டரியை நூறு தடவைக்கு மேல் நிரப்பலாம். இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றுக்கும் காரணம் தேடிப் போனால் கடைசியில் இந்தச் சின்னப் பேட்டரியில்தான் போய் முட்டுகிறது.

அது அத்தையின் சுருக்குப்பை மாதிரி. வருவதும் சில்லறை, போவதும் சில்லறை, ஆனால் நாள் முழுக்க வரவுசெலவு நடந்துகொண்டே இருக்கும். பிரேக் மிதித்தால் கொஞ்சம் உள்ளே போகும், சிக்னலில் கிளம்பும்போது கொஞ்சம் வெளியே வரும். முன்னால் 1490 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 92 குதிரைத்திறன். கூடவே 80 குதிரைத்திறன் மோட்டார். இரண்டையும் கூட்டினால் 172 வர வேண்டும், ஆனால் கம்பெனி கொடுக்கும் கணக்கு 116தான். மோட்டார் முழுத் திறனோடு இழுக்கும் அளவுக்குப் பேட்டரியால் மின்சாரம் கொடுக்க முடியாது, அதனால்தான். இன்ஜின் அட்கின்சன் முறையில் ஓடுவது. பிக்கப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கும் ரகம். விட்டுக்கொடுத்த பிக்கப்பை மோட்டார் ஈடுகட்டிவிடுகிறது. கிளட்ச் கிடையாது, வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது, தனி ஸ்டார்ட்டர் மோட்டார்கூடக் கிடையாது. தேய்ந்துபோகக்கூடிய சாமான்கள் குறைவு என்பது எனக்கு மைலேஜைவிடப் பெரிய நிம்மதி.

சரி, மைலேஜ். வண்டிகளைச் சோதிக்கும் அராய் அமைப்பின் சான்று சொல்வது லிட்டருக்கு 27.97. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கில் ஊருக்குள் எங்களுக்கு 23, 24 வருகிறது. டிஸ்ப்ளே இதைவிட ஒன்றிரண்டு கூட்டித்தான் சொல்லும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சேலம் ரோட்டில் நூறு, நூற்றிப்பத்தில் போனால் 20 பக்கம் இறங்கிவிடும். ஊருக்குள் அதிகம், ஹைவேயில் குறைவு என்றால் என் அப்பாவால் இன்றுவரை நம்ப முடியவில்லை. காரணம் எளிது. ஊருக்குள் நிமிடத்துக்கொரு முறை பிரேக் பிடிக்கிறோம், பேட்டரிக்கு வரவு வந்துகொண்டே இருக்கிறது. முப்பது, நாற்பது வேகத்தில் உருளும்போது இன்ஜின் அணைந்தே கிடக்கிறது. ஹைவேயில் பிரேக்குக்கே வேலை இல்லை, வரவுக்கு எங்கே போவது? அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு ஆபீசுக்குச் சீக்கிரம் போய்விடுகிறேன். கீழே சிக்னல் சிக்னலாக ஊர்ந்து போன நாட்களில் வந்த மைலேஜ் மேலே வருவதில்லை. அதற்காகக் கீழே போவேனா என்ன!

பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு மட்டும் போய்த் திரும்பினால் கணக்கு மோசமாகும். காலையில் வண்டி எடுத்ததும் இன்ஜினும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாகும்வரை இன்ஜின் ஓடியே தீரும். மூன்று கிலோமீட்டரில் பயணம் முடிந்துவிட்டால் ஹைப்ரிட்டின் பலன் தொடங்குவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம். இப்படிக் குட்டி ஓட்டம் மட்டும் உள்ளவர்கள் 27ஐ எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் எந்த வண்டியானாலும் இந்த இழப்பு உண்டு.

ஏசி விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் சிக்னலில் இன்ஜின் நின்றாலும் குளிர்ச்சி நிற்பதில்லை. பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகி நிரப்பிக்கொள்ளும். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் இது அடிக்கடி நடக்கும், மைலேஜும் இரண்டு மூன்று இறங்கும். வாங்கிய புதிதில் ஒவ்வொரு சிக்னலிலும் அத்தை, "வண்டி ஆஃப் ஆயிருச்சா கண்ணு?" என்று கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை. ஆனால் தெருநாய்களுக்கு இன்னும் பழகவில்லை. சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும் வண்டி, அதுகளுக்கு எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. 2023 ஜூலையிலிருந்து இந்த ஹைப்ரிட்டில் மெதுவாகப் போகும்போது நடந்து போகிறவர்களை எச்சரிக்க ஒரு மெல்லிய ஒலி சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சந்தடியில் அது யார் காதில் விழும்?

மலை ரோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முழுக் குடும்பத்தோடும் சாமான்களோடும் ஏறும்போது முதல் சில வளைவுகளுக்கு மோட்டார் தாராளமாகத் தோள் கொடுக்கும். பேட்டரி வற்றிய பிறகு பாரம் இன்ஜின் தலையில். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் முதலில் எகிறும், வேகம் பின்னால் வரும். கியர் மாறும் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது வண்டி திணறுவது போலக் கேட்கும். திணறல் இல்லை, இன்ஜின் தனக்குச் சிக்கனமான சுற்றில் நின்றுகொண்டு சக்கரத்தை அதன் போக்கில் பிடிக்க விடுகிறது. பாதி மிதியில் சீராகப் போனால் சத்தமும் இல்லை, வேகமும் குறைவதில்லை. முன்னால் போகும் பஸ்ஸை அவசரமாக முந்தவேண்டும் என்றால் மட்டும் இடம் பார்த்து, பொறுமையாகத்தான்.

இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். எல்லோரும் நினைப்பது, இறக்கத்தில் பேட்டரி நிறைய நிறையக் காசு மிச்சம் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1600 கிலோ எடை ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் வெளிவரும் ஆற்றல் நாலு யூனிட்டுக்கும் மேல். நம்மிடம் இருப்பது ஒரு யூனிட்டுக்கும் குறைந்த டப்பா. சில வளைவுகளிலேயே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு மோட்டார் பிரேக்காக வேலை செய்ய முடியாது. அந்த நேரத்துக்குத்தான் கியர் லிவரில் 'டி'க்குக் (D) கீழே 'பி' (B) என்று ஒன்று இருக்கிறது, பார்க்கிங்குக்கான P இல்லை. அதில் போட்டால் பெட்ரோலே இல்லாமல் இன்ஜினைச் சுற்றவைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். இன்ஜின் ஆவென்று கத்தும், பயப்பட வேண்டாம், ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகவில்லை. அட்டகட்டியைத் தாண்டியதும் 'பி'யில் போட்டுவிடுவது என் வழக்கம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அடிவாரம் வருவதற்குள் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வரும். இது எந்த ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் பொருந்தும். ஊருக்குள் ஓட்டுவதில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைப் பார்த்துக்கொள்வதால் பிரேக் பேட் தேய்மானம் குறைவு. எங்கள் பழைய வண்டியில் இந்நேரம் மாற்றியிருப்போம்.

இனி டிக்கி. குடும்ப வண்டி என்று பார்த்தால் இதுதான் பெரிய விலை. சாதாரண கிராண்ட் விட்டாராவில் டிக்கி 373 லிட்டர், ஹைப்ரிட்டில் 265. நூறு லிட்டருக்கு மேல் பேட்டரி எடுத்துக்கொள்கிறது. இதே அளவிலான க்ரெட்டாவில் 433 லிட்டர். காகிதத்தில் பார்த்தால் எண்தானே என்று தோன்றும். பொள்ளாச்சியிலிருந்து கிளம்பும்போது ஒரு மூட்டை தேங்காய், ஒரு வாழைத்தார், அத்தையின் பை, பிள்ளைகளின் பை என்று வாசலில் அடுக்கி வைத்தால்தான் தெரியும். தரை மேடாக இருப்பதால் பெரிய டிராலி பெட்டியை நிமிர்த்தி வைக்க முடியாது. படுக்கப்போட்டால் ஒன்றோடு சரி. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகளை விட்டுவிட்டுத் துணிப் பைகளுக்கு மாறிவிட்டோம். மூலை முடுக்கிலெல்லாம் திணிக்கலாம். பின்சீட்டை 60:40 மடக்கலாம், ஆனால் தரை ஒரே மட்டமாக வராது, நடுவில் படி விழும். ஐந்து பேரும் போகிற நாளில் மடக்குகிற பேச்சுக்கே இடமில்லை. ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெட்டிகளை எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். சேல்ஸ் ஆள் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பின்சீட்டில் இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை என்றால் சௌகரியம். மூன்று பெரியவர்கள் தோளோடு தோள். ஏறி இறங்க உயரம் அளவாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ள அத்தை சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுகிறார்கள், முன்பிருந்த செடானில் கை கொடுத்துத் தூக்கவேண்டி இருந்தது. பெரிய சன்ரூஃப் பிள்ளைகளுக்கு முதல் மாதத்துக் கொண்டாட்டம். அதன் திரை மெல்லியது, மத்தியானத்தில் தலைக்கு மேல் சூடு தெரியும், ஆறடி ஆட்களுக்குத் தலையும் இடிக்கப் பார்க்கும். என்னைக் கேட்டால் அது இல்லாமலே வாங்கியிருப்பேன். முன்சீட்டில் காற்று வரும் வசதி இருக்கிறதே, அதை மட்டும் கோவை வெயிலில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சுற்றிக் காட்டும் கேமரா சந்து வீடுகளில் நிறுத்த உதவுகிறது. தானாக பிரேக் பிடிக்கிற அடாஸ் வசதிகள் இதில் கிடையாது. அது முக்கியம் என்றால் க்ரெட்டா, செல்டாஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். ஒன்று, எலி. எங்கள் காம்பவுண்டில் நிறுத்திய வண்டியில் சென்சார் ஒயர் ஒன்றைக் கடித்துவிட்டது. சின்னச் செலவோடு போயிற்று. ஆனால் ஹைப்ரிட்டில் ஆரஞ்சு நிறத்தில் கனமான ஒயர்கள் தெரியும். அவை உயர் மின்னழுத்தம் ஓடுகிறவை, தெரிந்த மெக்கானிக்கானாலும் பயிற்சி இல்லாமல் தொடக்கூடாது. இரண்டு, பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டியை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் அது இறங்கி, வண்டி கிளம்பாது. ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி அவ்வப்போது 'ரெடி' விளக்கு எரியும் நிலையில் கொஞ்ச நேரம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு.

காசுக் கணக்குக்கு வருவோம். இதே வண்டியின் சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கும் ஹைப்ரிட்டுக்கும் ரோட்டுக்கு வரும் விலையில் ரகத்தைப் பொறுத்து இரண்டரை, மூன்று லட்சம் வித்தியாசம் வரும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர், பெரும்பாலும் ஊருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 14 கொடுக்கும் இடத்தில் இது 24 கொடுத்தால் வருடத்துக்கு மிச்சம் 350 லிட்டர் சொச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்றால் முப்பத்தைந்தாயிரம். மூன்று லட்சத்தை எடுக்க எட்டு வருடத்துக்கு மேல், அதற்குள் பேட்டரி வாரண்டியும் முடிந்துவிடும். மாதம் இரண்டாயிரம் ஓடுகிறவருக்கு நாலேகால் வருடம். அரசாங்கமும் பெரிதாக உதவவில்லை. முன்பு ஹைப்ரிட்டுக்கு 43 சதவீத வரி, இதே அளவு பெட்ரோல் வண்டிக்கு 45. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40. இருந்த இரண்டு சதவீதச் சலுகையும் போயிற்று. உத்தரப் பிரதேசத்தில் 2024இல் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்குச் சாலை வரி 18 சதவீதம் ஆனது. கூடுதலாகக் கொடுக்கும் ஹைப்ரிட் விலைக்கும் சேர்த்து அந்த வரி.

எங்கள் ஓட்டம் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில். காசைவிட, நெரிசலில் கிளட்ச் மிதிக்காமல் சத்தமில்லாமல் வீடு வந்து சேர்வதற்காகவே நான் கொடுத்தேன் என்று சொல்வேன். கொழுந்தனார் வாரா வாரம் ஓசூர் போய்வருகிறவர். இந்த வண்டியை ஒரு வாரம் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு க்ரெட்டா டீசல் புக் பண்ணினார். அவருடைய ரோட்டுக்கு அதுதான் சரி, டிக்கியும் பெரிசு. இப்போது தோட்டத்துத் தேங்காயெல்லாம் அவர் வண்டியில்தான் வருகிறது.