வார்டை விட்டு வெளிய வர்ற நர்ஸுக்கு எது சரி: ஏஆர் காலிங்கா, கோடிங்கா, கிளினிக் அட்மினா?

பதினோரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு போன வருஷம் வேலைய விட்டேன். அதுலருந்து தண்டையார்பேட்டை, திருவொத்தியூர்னு நம்ம பக்கத்துல என்கூட டியூட்டி பாத்த பொண்ணுங்க வாரத்துக்கு ஒருத்தியாவது போன் பண்ணி, "அக்கா, வீட்லருந்தே பாக்கறீங்களாமே, எனக்கும் சொல்லுங்க"ன்னு கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

நம்மள மாதிரி படிச்சவங்கள சட்டுனு எடுத்துக்கற வேலை மூணு. அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு பணம் வராம நிக்கற க்ளெய்மு என்னாச்சுன்னு கேக்கற ஏஆர் காலிங், டாக்டர் எழுதுன நோட்ஸ கோடா மாத்தற மெடிக்கல் கோடிங், அப்புறம் வெளிநாட்டு கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட், மெயில், பில்லுனு பாத்துக்கற அட்மின் வேலை. நான் மூணாவதுல இருக்கேன்.

கோடிங் பத்தி ரெண்டு மாசம் கிளாஸ் போன அளவுக்குத்தான் என்னால பேச முடியும். அனாட்டமி தெரியறதால புரிஞ்சுக்கறது நமக்கு சுலபம். கோடிங் சர்டிஃபிகேட்டுக்கு எழுதற சிபிசி பரீட்சை 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுக்கணும், பாஸ் பண்ணாலும் அனுபவம் சேர்ற வரைக்கும் பேர் பின்னாடி அப்ரெண்டிஸ்னு ஒரு 'ஏ' ஒட்டிட்டு இருக்கும். நோய்க்கு போடற ஐசிடி கோடு வருஷா வருஷம் அக்டோபர்ல மாறும், சிகிச்சைக்கு போடற சிபிடி கோடு ஜனவரில மாறும், படிப்பு முடியவே முடியாது. எனக்கு வந்த ரெண்டு ஆஃபரும் ஓஎம்ஆர்ல ஆபீஸுக்கு வந்து பாக்கற வேலை. டோல்கேட்லருந்து மெட்ரோ ஏறி கிண்டில எறங்கி பஸ் மாறி தெனம் போய் வர எனக்கு தெம்பு இல்ல. பகல்ல, வீட்லருந்தே கோடிங் கெடச்சா தாராளமா எடுங்க, அது நல்ல வேலை.

ஆனா நான் முடிவு பண்ணது சம்பளத்த வெச்சு இல்ல, கடிகாரத்த வெச்சு. நாம ஏன் வார்ட விட்டு வர்றோம்? எனக்கு பேஷண்ட் பாக்கறது அலுக்கல, மாசத்துக்கு எட்டு நைட்டு தான் ஒடம்ப தின்னுடுச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு நைட் ஷிஃப்ட் வேலைய கேன்சர் வரவெக்க வாய்ப்பு அதிகம்ங்கற பட்டியல்ல 2007லயே சேத்துடுச்சு, 2019ல திரும்ப பாத்தும் எடுக்கல. இப்ப கணக்கு போடுங்க. நியூயார்க்ல காலைல 9 மணின்னா நமக்கு சாயங்காலம் 6:30, நவம்பருக்கு மேல 7:30. ஏஆர் காலிங் முடியறப்ப விடியக்காலம் மூணரை நாலரை ஆயிடும், அதுவும் வாரத்துக்கு அஞ்சு நாள். வார்டுலயாவது எட்டு நைட்டு முடிஞ்சா பகல் டியூட்டி வரும், இதுல வருஷம் முழுக்க நைட்டு. கலிஃபோர்னியான்னா இன்னும் மோசம், அங்க 9 மணி ஆகறப்ப நமக்கு ராத்திரி ஒம்பதரை. சிட்னின்னா காலைல நாலரைக்கே உக்காரணும். இங்கிலாந்துல 9 மணிங்கறது நமக்கு மத்தியானம் 1:30, குளிர்காலத்துல 2:30. என் கிளினிக் அங்கதான், கடைசி மெயில் அனுப்பிட்டு பத்தரைக்கு லேப்டாப்ப மூடிட்டு படுத்துடறேன், காலைல பையன ஸ்கூலுக்கு நானே கூட்டிட்டு போறேன். அதனால வேலை என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த ஊரு டைம்னு கேளுங்க.

நான் பாக்கறது ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு. நம்ம படிப்பு வீணாப் போகுதேன்னு எங்கம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க, ஆனா போகல. முட்டி ஆபரேஷன் முடிஞ்ச ஒருத்தர் "கெண்டைக்கால் வீங்கி வலிக்குது, அப்பாயின்ட்மென்ட்ட அடுத்த வாரம் தள்ளி வெய்ங்க"ன்னு மெயில் போட்டிருந்தாரு. வேற யாரா இருந்தாலும் தேதிய மாத்தி குடுத்துருப்பாங்க, எனக்கு கால் ரத்தக்குழாய்ல ரத்தம் ஒறைஞ்சு கட்டிக்கற டிவிடின்னு மண்டைல அடிச்சது, ஒடனே தெரபிஸ்ட்ட கூப்ட்டு சொன்னேன், அவங்க அவர அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும், நாம அங்க நர்ஸ் இல்ல, பேஷண்டுக்கு நாமளா ஒரு வார்த்த அட்வைஸ் சொல்லக்கூடாது, மேல சொல்றதோட நிறுத்திக்கணும். மத்தபடி ஷிஃப்ட் மாறறப்ப அடுத்த நர்ஸுக்கு ஹேண்டோவர் எழுதுன கைக்கு மெயில் எழுதறது பெருசில்ல.

கஷ்டமும் இருக்கு. நான் கான்ட்ராக்ட்ல இருக்கறதால பிஎஃப் இல்ல, இஎஸ்ஐ இல்ல, லீவு எடுத்தா காசு இல்ல. மொத மூணு மாசம் வார்டு சம்பளத்த விட கம்மியாத்தான் வந்துச்சு. கரண்ட்டு போனா பொழப்பு நிக்கும், 2023 மிக்ஜாம் புயல்ல நம்ம பக்கம் எப்டி இருந்துச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க, அதனால மொத சம்பளத்துல இன்வெர்ட்டர் வாங்குங்க, மோடத்தையும் அதுலயே சொருகுங்க. பேஷண்ட் வெவரம் வீட்ல இருக்கறவங்க காதுல கூட விழக்கூடாதுன்னு கையெழுத்து வாங்குவாங்க, ரெண்டு ரூம் வீட்ல அது லேசு இல்ல, நான் மாமியார் கிட்ட சொல்லி மத்தியானத்துலருந்து ஒரு ரூம எனக்குன்னு ஒதுக்கிக்கிட்டேன். வேலைக்கு சேரவே டெபாசிட் கட்டுங்கன்னு யாராவது கேட்டா போன வெச்சுடுங்க.

எனக்கு இதுல ஒம்பது மாசம்தான் ஆச்சு, ஒரே கிளினிக் தான் பாத்துருக்கேன், அதனால நர்ஸிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன நான் விடல, நீங்களும் விடாதீங்க. அடுத்த ரினியூவலுக்கு சிஎன்இ அவர்ஸ், அதாவது நர்ஸுங்க தொடர்ந்து படிக்கற கிளாஸ் நேரம், சேத்துட்டு வர்றேன், வர்ற சனிக்கிழமை கூட ஒரு கிளாஸ் இருக்கு.