எய்ம் ட்ரெய்னரா, டெத்மேட்சா, ப்ரீஃபயர் பயிற்சியா?

துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்களில் ரேங்க் ஏறாமல் நின்றுவிட்டால் பலரும் முதலில் செய்வது எய்ம் ட்ரெய்னர், அதாவது குறிபார்த்துச் சுடுவதை மட்டும் பழக்கும் மென்பொருள், ஒன்றை இறக்கிக்கொள்வதுதான். கோவாக்ஸ், எய்ம் லேப்ஸ் இரண்டுமே நல்லவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2), வேலரன்ட் மாதிரியான ஆட்டங்களில் நடுத்தர ரேங்க்கில் சிக்கியிருப்பவருக்கு அதுதான் முதல் மருந்தா என்றால், இல்லை என்றே சொல்வேன். இந்த ஆட்டங்களில் ஒரு நல்ல ஹெட்ஷாட்டோடு சண்டை முடிந்துவிடும். ஏகே-47 தோட்டா ஒன்று தலையில் பட்டால் ஹெல்மெட் போட்டவரும் விழுவார். வேலரன்டில் வேண்டல் துப்பாக்கியால் எவ்வளவு தூரத்தில் இருந்து சுட்டாலும் தலைக்கு 160 டேமேஜ்; எதிரியிடம் உயிர் 100, ஹெவி ஷீல்டு 50. எனவே எதிரி கண்ணில் பட்ட கணத்தில் கிராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கும் குறி) எங்கே இருந்தது என்பதுதான் பெரிய கேள்வி. மூன்று பயிற்சிகளையும் அதை வைத்தே பார்க்கிறேன்.

எய்ம் ட்ரெய்னரின் பலம், கைக்குக் கிடைக்கும் எண்ணிக்கை. ஒரு மேட்ச் முழுக்க ஆடினாலும் கிடைக்காத அளவு இலக்குகள் சில நிமிடங்களில் வந்து போகும். குறியைச் சட்டென்று இலக்குக்கு இழுக்கும் ஃப்ளிக், நகரும் இலக்கைத் தொடர்ந்து பின்பற்றும் ட்ராக்கிங், ஒரு இலக்கில் இருந்து அடுத்ததற்குத் தாவுவது என்று தனித்தனியாகப் பிரித்துப் பழகலாம். மவுஸ் கையில் நடுங்குகிறது, இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது என்பவர்களுக்கு இது நிஜமாகவே உதவும். ஆனால் அங்கே மூலை கிடையாது, கதவு கிடையாது, நடப்பதும் நின்று சுடுவதும் கிடையாது. இலக்கு எங்கே வரும் என்று முன்கூட்டியே யோசிக்கும் வேலை அனேகமாக இல்லை. ஸ்கோர் ஏறிக்கொண்டே போகும், மேட்ச்சில் அதே மூலையில் அதே மாதிரி செத்துக்கொண்டும் இருப்போம்.

டெத்மேட்ச் என்பது செத்தவுடன் மீண்டும் வந்து சுட்டுக்கொண்டே இருக்கும் ஆட்டமுறை. இதில் நிஜ மனிதர்கள் எதிரில் இருக்கிறார்கள். சுடும்போது துப்பாக்கி உதறும் ரீகாயில், எதிர்த்திசை விசையைத் தட்டி நின்று சுடும் கவுன்டர் ஸ்ட்ரேஃப் எல்லாம் சேர்ந்தே பழகும். மேட்ச்சுக்கு முன் கையைச் சூடேற்ற இதைவிட நல்ல வழி இல்லை. குறை என்னவென்றால், முதுகுப் பக்கமும் ஆள் வந்து இறங்குவதால் எதிரி நிற்கக்கூடிய எந்த ஆங்கிளையும் ஒழுங்காகப் பார்த்து முடிக்க விடாது. சாவுக்கு விலை இல்லாததால் ஓடிக்கொண்டே சுடும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். கில் எண்ணிக்கையைப் பார்க்காமல், சுடுவதற்கு முன் கிராஸ்ஹேர் தலை உயரத்தில் இருந்ததா என்பதை மட்டும் கவனித்து ஆடினால் டெத்மேட்ச் வேறு ஆட்டமாகவே மாறிவிடும்.

அப்புறம் ப்ரீஃபயர்: எதிரி நிற்கக்கூடிய இடத்தில் கிராஸ்ஹேரை முன்கூட்டியே வைத்து, ஆள் தெரியும் முன்பே சுடப் பழகுவது. சிஎஸ்2 என்றால் ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு மேப்புக்கும் ப்ரீஃபயர் மேப் கிடைக்கும்; வேலரன்டில் ஆளில்லாத கஸ்டம் கேமைத் திறந்து நடந்தாலே போதும். வெளியிலிருந்து பார்க்கச் சலிப்பான வேலை. என் கணக்கில் இதுதான் முதல் இடம்.

ஒரு மூலையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் நின்று காவல் காக்கிறீர்கள், கிராஸ்ஹேர் சுவரின் விளிம்போடு ஒட்டியிருக்கிறது. சிஎஸ்2-வில் ஏகே பிடித்து ஓடுபவரின் வேகம் நொடிக்கு 215 யூனிட் (ஆட்டத்துக்குள் நீளத்தை அளக்கும் அலகு). கண்ணில் பட்டு விரல் அழுத்த 200 மில்லிசெகண்ட் என்று வைத்தால், அதற்குள் அவர் 43 யூனிட் நகர்ந்திருப்பார். ஆட்டக்காரரின் அகலமோ 32 யூனிட்தான். அதாவது நீங்கள் சுடும்போது அவருடைய முழு உடம்பும் கிராஸ்ஹேரைக் கடந்து போயிருக்கும்! விளிம்பில் இருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் அவரே வந்து கிராஸ்ஹேரில் நிற்பார். மூலை உங்களுக்குக் கிட்டே இருந்தால் திரையில் இந்த இடைவெளி அதிகமாக வேண்டும், தூரத்தில் இருந்தால் ஒரு நூல் போதும். சமதரையில் தலை உயரம் எவ்வளவு தூரத்திலும் ஒரே மட்டம்தான்; சரிவு, படிக்கட்டு, பெட்டி மேல் நிற்கும் ஆள் என்று வரும் இடங்களில்தான் மாறும். அந்த இடங்களை மேப்பில் நடந்து நடந்துதான் மனதில் ஏற்ற முடியும். எந்த எய்ம் ட்ரெய்னரும் இதைச் சொல்லித் தராது.

சென்சிட்டிவிட்டி (சுருக்கமாக சென்ஸ்; மவுஸை நகர்த்தினால் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவு) பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். சிஎஸ்2-வில் மவுஸின் டிபிஐ (நுணுக்க அளவு) 800, சென்ஸ் 1 என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு மவுஸ் சுமார் 52 செ.மீ. நகர வேண்டும். வேலரன்டில் அதே தூரம் வேண்டுமானால் சென்ஸை 3.18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வைத்துவிட்டு மாற்றாமல் இருப்பது முக்கியம்.

ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ், ஓவர்வாட்ச் ஆடுபவர்களுக்கு என் வரிசை தலைகீழ். அங்கே ஒருவரை வீழ்த்தப் பல தோட்டாக்கள் தொடர்ந்து பட வேண்டும், ஆள் குதித்துக்கொண்டும் சறுக்கிக்கொண்டும் இருப்பார். ட்ராக்கிங் இல்லாமல் முடியாது, அதற்கு எய்ம் ட்ரெய்னர்தான் முதல்.

சிஎஸ்2, வேலரன்ட் ஆடுபவர் தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால், பாதியை ப்ரீஃபயருக்குக் கொடுங்கள், பத்து நிமிடம் டெத்மேட்ச், மிச்சம் இருந்தால் ட்ரெய்னர். உங்களுக்கு இந்த வரிசை பொருந்துமா என்று சந்தேகம் இருந்தால் கடைசியாகத் தோற்ற மேட்ச்சின் ரிப்ளேயைத் திறந்து, ஒவ்வொரு சாவிலும் எதிரி தெரிந்த ஃப்ரேமில் நிறுத்திப் பாருங்கள். கிராஸ்ஹேர் தரையிலோ சுவரிலோ இருந்தால் ப்ரீஃபயர். தலைக்குப் பக்கத்திலேயே இருந்தும் தவறவிட்டிருந்தால் எய்ம் ட்ரெய்னர்.