எரிபொருளின்றி ஓடும் ‘காந்த விண்கலம்’: 38,500 ரூபா பறிபோனது, பெற்றோரே கவனம்

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கான மாதிரிகளை முகநூலில் விற்கும் ஒரு கடை, ‘காந்த விண்கலம்’ என்ற பெட்டியை அனுப்பி என்னிடம் 38,500 ரூபாவைப் பறித்துவிட்டது. வலயமட்டக் கண்காட்சி நெருங்கும் இந்நேரத்தில் அதே விளம்பரம் களுவாஞ்சிகுடியிலிருந்து அக்கரைப்பற்று வரை பெற்றோரின் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருப்பதால், ஆத்திரம் அடங்கும்வரை காத்திராமல் எழுதுகிறேன்.

காணொளியில் ஒரு சிறு வண்டி, மோட்டாரோ பற்றரியோ இன்றி, தன் மூக்கில் நீட்டிய காந்தத்தின் இழுவையால் மட்டும் மேசைமேல் ஓடியது. தொலைபேசியில் பேசியவர், தான் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பித்தவர் என்றார். “அண்ணன், கேரளாவில தும்பாவில ஏன் ரொக்கெட் ஏவினவங்க? காந்த மத்தியகோடு அதுக்குக் கிட்டப் போகுது. நம்மட மட்டக்களப்பும் அதுக்குக் கிட்டத்தான். பூமிட காந்தத்தைத் தள்ளித்தான் இனி விண்கலம் செவ்வாய்க்குப் போகும்” என்று நிதானமாக விளக்கினார். தும்பாவைப் பற்றி நானும் படித்திருந்தபடியால் அவர் சொன்ன மீதியையும் நம்பினேன். அன்றே ஒரு தனிநபர் கணக்கில் 38,500 ரூபாவை வைப்பிலிட்டேன்.

தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் திகதி முதல் ரொக்கெட் ஏவப்பட்டதும், காந்த மத்தியகோட்டின் (காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு) அருகாமையால் அவ்விடம் தெரிவானதும் உண்மையே. ஆனால் அத்தெரிவு, அக்கோட்டின் மேலே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் பாயும் மின்னோட்டத்தை ஆராய்வதற்கானது. ரொக்கெட்டை மேலே தள்ளியது எரிபொருள்தான்.

பெட்டியில் வளையக் காந்தங்கள் நான்கும், ஒரு செப்புச் சுருளும், இரும்புத் தகடு பொருத்திய, பசை விட்டுப்போன பிளாஸ்டிக் வண்டியும் இருந்தன. வண்டி அசையவே இல்லை, அசையவும் முடியாது. மூக்கிலுள்ள காந்தம் வண்டியின் இரும்புத் தகட்டை முன்னே இழுக்கும் அதே அளவுக்குத் தகடும் காந்தத்தைப் பின்னே இழுப்பதால், இரண்டும் ஒரே வண்டியில் இருக்கும்போது மிஞ்சுவது எதுவுமில்லை. பிறகு மகன் காணொளியை மெதுவாக ஓட்டிக் காட்டினான்: வண்டிக்குச் சற்று முன்னால் மேசை விரிப்பு இலேசாகப் புடைத்து நகர்கிறது. விரிப்பின் அடியில் யாரோ இன்னொரு காந்தத்தை இழுத்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “இங்க காற்றுத் தடை இருக்கு, வெற்றிடத்திலதான் ஓடும்” என்றார். காந்தம் வெற்றிடத்திலும் வேலை செய்யும் என்பது சரி. ஆனால் தன்னைத் தானே தள்ளிக்கொள்ள வெற்றிடத்திலும் அதனால் ஆகாது. அடுத்த முறை, மட்டக்களப்பு வெயிலில் காந்தம் சக்தி இழந்துவிட்டதாம். சாதாரண நியோடிமியக் காந்தமே ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வரை தாங்கும். பிறகு வீட்டுக்கு அருகிலுள்ள தொலைபேசிக் கோபுரத்தைக் குறை சொன்னார். கடைசியில் என் எண்ணையே தடுத்துவிட்டார். 38,500 ரூபா, ஒரு பிள்ளையின் கண்காட்சி, இரண்டும் போயின.

புவியின் காந்தப்புலம் நம் நாட்டில் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) மட்டுமே. ஒரு கிண்ண நீரில் தக்கைமேல் காந்த ஊசியை மிதக்கவிட்டுப் பாருங்கள்: அது வடக்கு நோக்கித் திரும்பும், வடக்கே பயணம் போகாது. செயற்கைக்கோள்களும் மின்காந்தச் சுருள்களால் இப்படித்தான் தம் திசையைத் திருப்பிக்கொள்கின்றன. மின்னோட்டம் பாயும் நீண்ட கம்பியின்மீது புவியின் புலம் விசை செலுத்தும் என்பது மெய்; 1996இல் கொலம்பியா விண்ணோடம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் கம்பியை விரித்துச் சோதித்தபோது, அது அறுந்துபோகுமுன் மின்னோட்டத்தைச் செலுத்தவல்ல சுமார் 3,500 வோல்ற்று அதில் உண்டானது. ஆயினும் இந்த விசையைப் பெற, புவியினதைப் போன்ற புலம் அருகிலேயே வேண்டும். செவ்வாய்ப் பயணத்தின் பெரும்பகுதியில் அது கிடைக்காது. விண்கலங்களில் உள்ள ‘ஹோல்’ வகை மின் உந்திகளிலும் காந்தம் உண்டு; ஆனால் அங்கே காந்தப்புலம் இலத்திரன்களைப் பிடித்துவைக்க மட்டுமே உதவுகிறது. விசை பிறப்பதோ செனன் போன்ற வாயுவின் அயன்கள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) பின்னே வீசப்படுவதால். எதையும் வெளியே வீசாமல், வெளியே எதையும் பற்றாமல் ஓடும் என்று சொல்லும் எந்தப் பெட்டியையும் வாங்காதீர்கள்.

வேறென்ன சொல்ல? தனிநபர் கணக்கில் முற்பணம் போடாதீர்கள். வாங்குமுன் பிள்ளையின் விஞ்ஞான ஆசிரியரிடம் காணொளியைக் காட்டுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வைப்புச் சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, எனக்கு எழுதுங்கள். சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம்.