மூன்று ஹீட்டர், 38,500 ரூபா: திருமலைக்காரர் கவனம்

வாசிங் மெசினுக்கு ஐந்து மாதத்துக்குள் மூன்று ஹீட்டர். மொத்தம் 38,500 ரூபா. மூன்றாவது நேற்றுப் பின்னேரம் எரிந்தது, அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன். டவுனுக்குள் வீட்டு மின்சாமான் திருத்துகிற கடை, வீட்டுக்கே ஆள் அனுப்பும். அவ்வளவுதான்.

மெசின் 7 கிலோ, முன்பக்கம் கதவு உள்ளது. முதல்முறை 60 டிகிரியில் போட்டும் தண்ணீர் சுடவில்லை. வந்த பொடியன் பின்மூடியைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு வயரையும் இழுத்துவிட்டு மின்தடை பார்க்கும் மீற்றரை வைத்துக் காட்டினான். "பாருங்கோ அண்ணை, கட். உப்புவெளிக் கிணத்துத் தண்ணியெல்லே, சுண்ணாம்பு பிடிச்சு எரிச்சுப்போடும்."

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். மீற்றர் பொய் சொல்லவில்லை. 230 வோல்ட்டில் ஓடும் 2,000 வாட் ஹீட்டர் நல்ல நிலையில் 26 ஓம் அளவில் காட்டும், 1,800 வாட் என்றால் 29. அதில் ஒன்றுமே காட்டவில்லை, உள்கம்பி அறுந்திருந்தது. சுண்ணாம்புக் கதையும் நம்பக்கூடிய கதை. கேத்திலுக்குள் வெள்ளைப் படையைத் தினமும் சுரண்டுகிற ஆட்கள் நாங்கள், ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. 12,500 கொடுத்தேன். பழைய ஹீட்டரை அவன் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஏழு கிழமையில் அடுத்ததும் போனது. அதே கதை, அதே 12,500. மூன்றாவது "ஒறிஜினல்" என்று 13,500. இந்தமுறை எரிந்ததை நானே கழற்றி எடுத்தேன். சுண்ணாம்பு மருந்துக்கும் இல்லை! வளைவுப் பக்கம் மட்டும் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது, மற்ற இடம் பளபளவென்று புதுசு மாதிரி.

ஹீட்டரின் பிணத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். சுண்ணாம்பால் செத்தது வெள்ளைப் பாறை மாதிரி மொத்தமாக இருக்கும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே நின்று கம்பியை அறுத்துவிடும். உப்புத் தண்ணீர் அரித்தது ஊசித் துவாரம் விட்டிருக்கும். தண்ணீர் உள்ளே போய் ஏர்த்துக்குக் கரண்ட் கசிந்து வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழும். நீலம் பாய்ந்தது தண்ணீர் இல்லாமல் காய்ந்து எரிந்தது. எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் ஒருநாளும் விழவில்லை.

தண்ணீர் இல்லாமல் எப்படி எரியும்? தொட்டியின் அடியில் ஒரு காற்றறை இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் மேலே போய் பிரசர் சுவிட்சில் முடியும். தண்ணீர் ஏற ஏறக் குழாய்க்குள் இருக்கும் காற்று நெருங்கும், அதை வைத்துத்தான் மெசின் தண்ணீர் மட்டத்தை அறிகிறது. அந்தக் குழாய் சவர்க்காரச் சேறால் அடைத்தால் பழைய அழுத்தம் உள்ளேயே நின்றுவிடும். அரைவாசித் தண்ணீர் வந்ததும் "போதும்" என்று மெசின் நினைக்கும், ஹீட்டர் பாதி தண்ணீருக்கு வெளியே நின்றபடி சூடேறும். கையால் தோய்க்கிற பவுடரை இந்த மெசினில் போட்டால் நுரை கூடும், அடைப்பும் கெதியாக வரும். நாங்கள் போட்டதும் அதைத்தான்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, குழாயைச் சுவிட்சிலிருந்து எடுத்து ஊதிப் பார்த்தேன். தொட்டிக்குள் குமிழி விடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. சாம்பல் நிறத்தில் சளி மாதிரி ஒரு கட்டி வந்தது. அரை மணித்தியால வேலை, செலவு சுடுதண்ணீர் மட்டும். இதைப் பார்க்காமல் நூறு ஹீட்டர் மாற்றினாலும் எரியும். இதைத்தான் 38,500 வாங்கிய கடை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

கடைக்குப் போன் பண்ணினேன். முதலில் "வோல்ட்டேஜ் கூடியிருக்கும்." ஃபிரிட்ஜும் பம்பும் சும்மா ஓடுகின்றனவே என்றால், "கரண்ட் சாமானுக்கு வாரன்டி இல்லை அண்ணை." பிறகு "முதலாளி கொழும்புக்குப் போட்டார்." பில்லைக் காட்டலாம் என்று எடுத்துப் பார்த்தால், மூன்று துண்டிலும் "சேர்விஸ்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, ஹீட்டர் என்ற சொல்லே இல்லை. வாட்ஸ்அப்பில் எரிந்த ஹீட்டரின் படத்தை அனுப்பினேன். நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் இருந்தேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவும் போதும்:

பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். மீற்றர் கூவுகிறதா என்று மட்டும் பார்க்க விடாதீர்கள், 200 ஓமில் வைத்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டரில் வயர் மாட்டும் காலுக்கும் உடம்புக்கும் இடையில் மீற்றர் எதுவும் காட்டக்கூடாது.

இரண்டாவது முறை எரிந்தால் குற்றம் வேறெங்கோ. குழாய், பிரசர் சுவிட்ச், சூடு பார்க்கும் சென்சர், ஹீட்டருக்குக் கரண்ட் விடுகிற, ஒட்டிப்போன ரிலே எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டரின் உள்நுனி தொட்டியில் இருக்கும் கிளிப்புக்குள் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டாவிட்டால் ஆடி ட்ரம்மில் முட்டும்.

பில்லில் சாமானின் பெயரும் வாரன்டி நாளும் எழுத்தில் இருக்கட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, நாளைக் காலை நான் அடிக்கப் போவதும் அதற்குத்தான். எரிந்த ஹீட்டரைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் எங்கே என்று அந்தக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.